இறைச்சிக்கடைக்காரர் வீட்டு மரக்கறிச் சோறு

அவர் முதலில் பருப்புச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு புடோலங்காய்ச் சட்டி. பிறகு கீரைச் சட்டி. மூன்று மூடிகளையும் திரும்ப வைத்துவிட்டு, நாலாவது சட்டி எங்கே என்பதுபோல மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆணம் எங்க?" என்றார்.

எங்கள் ஊரில் ஆணம் என்றால் குழம்பு. எங்கள் வீட்டில் ஆணம் என்றால் மாட்டிறைச்சி.

"இண்டைக்கு இதுதான்," என்றேன்.

 சோற்றில் வைத்த விரல்களைக் கழுவினார். துவாயில் துடைத்தார். முன் ஹோலுக்குப் போய்க் கதிரையில் இருந்துகொண்டு மழையைப் பார்த்தார்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்றாவது நாள் அது. மாரி தொடங்கியிருந்தது. சிவப்பரிசிச் சோறு தட்டிலேயே ஆறிக் கட்டியாகிக்கொண்டிருக்க, நான் அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்றேன். முப்பத்தைந்து வருஷம் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை அடக்கியவளுக்கு, ஒரே ஒரு மனிதரைச் சாப்பிட வைக்கத் தெரியவில்லை.

இதுவரை இந்தப் பக்கங்களில் பள்ளிக்கூடத்தைப் பற்றியே எழுதிவந்தேன். இந்தக் கிழமை உங்களைக் குசினிக்குள் கூட்டிப்போகிறேன். என் ஓய்வுகாலத்தின் முதல் வருஷம் முழுக்க அங்கேதான் கழிந்தது.

கடையும் வீடும்

என் கணவர் கபூருக்குக் கல்முனையில் இறைச்சிக்கடை. அவருடைய வாப்பா தொடங்கிய கடை. சுபஹுத் தொழுகை முடித்துப் போனால் பகல் ஒரு மணிக்குத் திரும்புவார். கையில் ஒரு பொதி இருக்கும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். கபூரும் அப்படித்தான் வந்தார். வந்த மூன்றாம் நாள் கடையைத் திறந்தார். பகல் ஒரு பொதியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "தொடையில எடுத்தது. நல்ல துண்டு" என்றார். அவர் என்னோடு தனியாகக் கதைத்த முதல் சில வசனங்களில் அதுவும் ஒன்று. புது மாப்பிள்ளை வேறு எதையாவது சொல்லியிருக்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றியது. போகப்போகத்தான் விளங்கியது, அவருக்குத் தெரிந்த மிக நல்ல வார்த்தை அதுதான் என்று.

அன்று தொடங்கிய பொதி, பௌர்ணமிக்கு வரும் போயா நாளைத் தவிர வேறு ஒருநாளும் நிற்கவில்லை. போயாவுக்கு இந்த நாட்டில் இறைச்சிக்கடைகள் பூட்டு. அன்றைக்கும் முதல்நாள் மிச்சம் பிரிட்ஜில் இருக்கும்.

நானும் நன்றாகத்தான் ஆக்குவேன். கொத்தமல்லி வறுத்து, கறுவா, ஏலம், றம்பை போட்டு நான் ஆக்கும் ஆணத்துக்கு என் மகன் கட்டாரிலிருந்து இன்றும் ஏங்குகிறான். மரக்கறி என்பது எங்களுக்குத் தட்டின் ஓரத்தில் வைக்கிற ஒன்று. அதற்குள்ளும் மாசிக் கருவாடு இடித்துப் போட்டால்தான் இறங்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போன அந்தக் காலை, வெட்டுக்கட்டைக்கு முன்னால் நின்றவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டாராம். கூட நின்ற அவருடைய தம்பி நசீர் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவருக்கு வயர்கள் பூட்டியிருந்தார்கள். கையில் இறைச்சி வாசம் அப்படியே இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் என்னை இருத்தி வைத்துச் சொன்னார். மாடு, ஆடு, நெய், பொரியல் எல்லாவற்றையும் விடவேண்டும். கீரை, மரக்கறி, பயறு, தவிடு போகாத அரிசி சாப்பிடவேண்டும். உப்பு கொஞ்சம்தான். மீன் இடைக்கிடை பரவாயில்லை என்றார். ஆனால் கபூருக்கு மீன் என்றால் பொரித்த மீன்தான். ஒரு கதவைத் திறந்துவைத்தால் மற்றக் கதவும் தானாகத் திறக்கும் என்று, மீனையும் நானாகவே நிறுத்தினேன்.

மிச்சமிருந்தது மாமி. கபூரின் உம்மா. எண்பதைத் தாண்டியவர், இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டில் இருக்கிறார். அவரிடம் என்ன சொல்வது என்று நாங்கள் யோசிக்க, கட்டிலில் கிடந்தபடி கபூரே சொன்னார்:

"உம்மாக்கு வாய்வெண்டு சொல்லுங்க. நெஞ்செண்டு சொன்னா அவ தாங்க மாட்டா."

எல்லோரும் அப்படியே சொன்னோம். மாமி நம்பினார். வாய்வுக்கு உள்ளிப்பூண்டு நல்லது என்று, கைநிறைய உள்ளி போட்டு இறைச்சி ஆக்கி ஒரு கிண்ணத்தில் அனுப்பினார். கிழமைக்கு ஒருதரம் அந்தக் கிண்ணம் வந்தது. நான் அதைப் பின்வாசலால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, கழுவித் திருப்பி அனுப்புவேன். "மகன் திண்டாராமா?" என்று ஆள்விட்டுக் கேட்பார். "ஓம், திண்டார்" என்று சொல்லி அனுப்புவேன்.

அந்த "ஓம்" சொல்லும்போது வந்தவரின் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமைப் பெட்டி

முதல் பத்து நாள் நான் ஆக்கியதெல்லாம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரியே இருந்தது. வெளிறிய பருப்பு, வெளிறிய புடோலங்காய், தண்ணீரில் மிதக்கும் கீரை. இறைச்சி இல்லாமல், மாசி இல்லாமல், உப்பும் குறைத்து ஒரு கறிக்கு எப்படி உயிர் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் நாலு வாய் தின்பார், எழும்பிவிடுவார். உடுப்பெல்லாம் தளர்ந்து தொங்கத் தொடங்கியது.

ஒரு காலை, வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, எனக்குப் புவனேஸ்வரி டீச்சரின் ஞாபகம் வந்தது.

புவனேஸ்வரி டீச்சருக்கு ஊர் பக்கத்துக் காரைதீவு. நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை தொடங்கியவர்கள். முதல் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, ஆசிரியர் அறையில் நான் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். பொரித்த இறைச்சி. பக்கத்தில் இருந்த டீச்சர் ஒரு சொல்லும் சொல்லாமல் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் இருந்தார்.

எனக்கு முகம் சுட்டது. அது தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு சமூகமும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்த காலம். எங்கள் ஆட்களைப் பிடிக்காமல்தான் எழும்பிப் போனார் என்று நினைத்தேன். இரண்டு வருஷம் அவரோடு வேலைக் கதையைத் தவிர வேறு கதை கதைக்கவில்லை.

பிறகு ஒருநாள் பரீட்சைத் தாள் திருத்தும்போது, நாங்கள் இருவர் மட்டும் அறையில் இருந்தபோது, கேட்டேவிட்டேன். வெள்ளிக்கிழமையில் மட்டும் ஏன் தள்ளி இருக்கிறீர்கள் என்று.

டீச்சர் சிவப்புப் பேனையை மூடிவைத்தார். "என்ட தம்பி வீட்ட விட்டுப் போய்க் காணாம போனவன், டீச்சர். அவன் திரும்பி வரவேணுமெண்டு அம்மாவும் நானும் வெள்ளி பிடிக்கிறம். இறைச்சி வாசம் பட்டாலும் விரதம் முறிஞ்சிருமோ எண்டு பயம். உங்கள நினைச்சு எழும்பல்ல."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான் பெட்டியில் முட்டைகூடக் கொண்டுபோகவில்லை. அவருடைய பெட்டியில் பாதி எனக்கு வரும். வாழைப்பொத்திச் சுண்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல். அந்த ருசி எங்கேயோ நாக்கின் அடியில் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது.

தம்பி வரவில்லை. டீச்சர் இன்றும் வெள்ளி பிடிக்கிறார்.

போனை எடுத்தேன். "டீச்சர், உங்கட வெள்ளிக்கிழமைச் சோறு ஆக்கப் பழகவேணும்" என்றேன். கபூரின் கதையைச் சொன்னேன்.

"புதுச் சட்டி மூண்டு வாங்கி வைங்க டீச்சர்," என்றார். "சனிக்கிழமை பஸ்ஸில வாறன்."

மூன்று புதுச் சட்டி

புதுச் சட்டி தன் மனத்துக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். இறைச்சிக்கடைக்காரர் வீட்டுச் சட்டியில் அவர் எப்படித் தொட்டுத் தின்பார்? மூன்று மண்சட்டி வாங்கி, அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, பதப்படுத்தி வைத்தேன்.

டீச்சர் வந்து குசினியில் ஏறியதும் என் பழைய சட்டியை எடுத்து மணந்து பார்த்தார்.

"இத்தன வருஷம் கொழுப்புக் குடிச்ச சட்டி இது. இதில கீரை ஆக்கினா இறைச்சி வாசம்தான் வரும். மனுசனுக்கு ஞாபகம் வருமா இல்லையா? புதுச் சட்டி எனக்கில்ல டீச்சர், அவருக்குத்தான்."

அன்று நான் நோட்டுக் கொப்பி எடுத்து எழுதவில்லை. இரண்டு கிழவிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆக்கினோம். முருங்கை இலையை மூடிப் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் எட்டி மூடியைத் தூக்கினார். மூடினால் பச்சை செத்துவிடும் என்றார். கையளவு தேங்காய்ப்பூ, காரத்துக்கு இரண்டு கொச்சிக்காய், சின்ன வெங்காயம், இறக்கும்போது தேசிக்காய்ப் புளி. இலை சுருங்கியதும் அடுப்பிலிருந்து எடுத்துவிட்டார்.

"உப்ப முதல்ல போட்டா உள்ளுக்க போய் ஒளிச்சிரும். கடைசில போடுங்க. கொஞ்சமெண்டாலும் நாக்குக்கு முதல் தெரியும்."

கத்தரிக்காய்க்கு எண்ணெய் ஊற்றிப் பொரிக்காமல் தணலில் சுட்டு, தோல் உரித்து, இரண்டாம் பாலில் பிசைந்தார். பருப்புக்குச் சீரகமும் உள்ளியும் தட்டிப் போட்டார். கௌபிப் பயறை முதல்நாளே ஊறவைக்கச் சொல்லியிருந்தார். அதை அவித்து, வறுத்த கறித்தூளில் பிரட்டியபோது எழும்பிய வாசம் முன் ஹோலுக்குப் போயிருக்கவேண்டும். கதிரை நகரும் சத்தம் கேட்டது.

கபூர் வாசலில் வந்து நின்றார். "என்ன ஆக்குறீங்க?"

"சோறு," என்றார் டீச்சர். "இரிங்க, வரும்."

மூவரும் ஒரே மேசையில் தின்றோம். அவர் கௌபிக் கறியை இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார். விருந்தாளிக்கு முன்னால் மரியாதைக்குத் தின்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அன்று பின்னேரம், நெஞ்சு வருத்தம் வந்ததற்குப் பிறகு முதல் தடவையாக, "ஆபிதா, தேத்தண்ணி ஊத்து" என்று குரலை உயர்த்திக் கேட்டார்.

நசீர் சொன்னது

இரண்டு மாதம் நன்றாகப் போனது. காலையில் இலைக்கஞ்சி, பகலில் சிவப்பரிசிச் சோறும் மூன்று மரக்கறியும், இரவில் அவித்த பயறோ வத்தாளங்கிழங்கோ. அவரும் கடைக்குப் போகத் தொடங்கினார். பாரம் தூக்குவதை நசீர் பார்த்துக்கொண்டார். நான் உள்ளுக்குள் பெருமைப்படத் தொடங்கியிருந்தேன்.

அப்போதுதான் நசீர் ஒருநாள் காலை வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, செருப்பைப் பார்த்தபடி தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார்.

"மதினி, நான் சொன்னெண்டு சொல்லாதீங்க. காக்கா பத்து மணிக்குச் சந்தி ஹோட்டலுக்குப் போறார். ஈரல் பொரியலும் றொட்டியும். ஒவ்வொரு நாளும்."

கையிலிருந்த சுளகை வைத்துவிட்டேன். இரவே ஊறப்போட்ட பயறும், கண் எரிய ஊதிய அடுப்பும், எல்லாம் ஒரு நிமிஷத்தில் வீணாய்ப் போனதுபோல இருந்தது.

பகல் அவர் வந்தார். சோற்றை மேசையில் வைத்தேன். "காலையில என்ன திண்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. நேரே கேட்டால் அவருக்குப் பொய் வராது. தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன்?" என்றேன்.

தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஆசைக்குத் தின்னல்ல ஆபிதா. சனம் வந்து, கபூர் காக்கா, நல்ல துண்டாப் பாத்துத் தாங்க எண்டு கேக்குது. நானும் எடுத்துக் குடுக்கிறன். எனக்கு நஞ்செண்டு டொக்டர் சொன்ன சாமான, மத்தவன்ட பிள்ளைக்கு நல்ல துண்டெண்டு எப்பிடிக் குடுக்கிற? நானும் திண்டாத்தான் வாய் கூசாம சொல்ல ஏலும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நாக்கின் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர் தன் தொழிலின் நேர்மைக்காக ஈரல் தின்றுகொண்டிருக்கிறார்.

"உங்கட கடையில வாங்குறவங்க கிழமைக்கு ஒருக்கா வாங்குறாங்க," என்றேன். "வீட்டில ஏழு பேர் பகிர்ந்து தின்னுறாங்க. நீங்க ஒவ்வொரு நாளும் திண்ட. நான் ஒவ்வொரு நாளும் ஆக்கிப்போட்ட. நெய்யும் ஊத்தி ஆக்கிப்போட்ட. குத்தமெண்டா அது கடைக்கில்ல. அதில பாதி என்ட கைக்கு."

அதைச் சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது, ஆஸ்பத்திரியில் அவருடைய கையைப் பிடித்திருந்த நேரம் முதல் அந்த நினைப்பு என்னோடு இருந்திருக்கிறது என்று. குரல் உடைந்துவிட்டது. உடைந்த குரலிலேயே மிச்சத்தையும் சொன்னேன்.

"எனக்கு வெள்ளை உடுத்து இத்தா இரிக்க ஏலா. அவ்வளவுதான்."

கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டுக்குள் இருப்பது இத்தா. எங்கள் பெண்கள் அந்தச் சொல்லை லேசில் வாயில் எடுக்க மாட்டார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சோற்றைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அன்று தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

போயா நாள்

அடுத்த கிழமை போயா. கடை பூட்டு. காலையில் வெளியே போனவர் ஒரு பிஞ்சுப் பிலாக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். யாரோ தந்ததாம்.

பிலாக்காய் வெட்டுவது லேசான வேலையில்லை. முள்தோல் வழுக்கும், பால் பிசின் கையிலும் கத்தியிலும் ஒட்டும். நான் பாதித் தோலைச் சீவுவதற்குள் மூச்சு வாங்கினேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "தா இஞ்ச" என்றார்.

முதலில் கத்தியை வாங்கிக் கல்லில் தீட்டினார். கைக்கும் அலகுக்கும் தேங்காயெண்ணெய் தடவினார். காயை நிமிர்த்தி வைத்து, சுற்றிவரத் தோலை ஒரே சீராக இறக்கினார். பிறகு துண்டு போட்டார். நாற்பது வருஷம் எலும்பின் பொருத்துப் பார்த்து வெட்டிய கை அது. ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு. கட்டையில் ஒரு சிராய்கூட வீணாகக் கிடக்கவில்லை.

"ஆணத்துக்குப் போடுற அளவு இது," என்றார். "நீ இரி. நான் ஆக்குறன்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் அடுப்புப் பக்கம் வந்ததில்லை. கொத்தமல்லியை எவ்வளவு வறுப்பது என்று கேட்டார், சொன்னேன். கறுவா எத்தனை துண்டு என்று கேட்டார், சொன்னேன். கொறுக்காய்ப்புளியைக் கூடுதலாகப் போட்டார். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டை வெளியே எடுத்தார். இரண்டு மணித்தியாலம் சின்ன நெருப்பில் வைத்துக் கிளறினார். பிலாக்காய் கறுத்து, மசாலாவை உறிஞ்சி, நார் நாராகப் பிரியத் தொடங்கியது.

இறைச்சி மாதிரியே இருந்தது என்று சொல்ல மாட்டேன். இல்லை. பிலாக்காய் பிலாக்காய்தான். ஆனால் அது நல்ல கறி. அவர் ஒரு துண்டை வாயில் வைத்து மென்று, கண்ணை மூடி, "ஓம்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியாது.

அதற்குப் பிறகு எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கவில்லை. பாகற்காயைத் தட்டோடு தள்ளிய நாளும் உண்டு. ஆனால் சந்தி ஹோட்டலுக்குப் போவது நின்றது. நசீர் வந்து வேறொரு முறைப்பாடு சொன்னார்: "மதினி, காக்கா இப்ப வாற ஆக்களுக்கெல்லாம், அரைக் கிலோ போதும், வீட்டில கீரையும் ஆக்குங்க எண்டு சொல்லுறார். கொழுப்பையெல்லாம் வெட்டி எறியிறார். இப்பிடி ஒரு இறைச்சிக்கடையா?" சொல்லும்போது நசீரும் சிரித்தார். வாடிக்கையாளர் யாரும் குறையவில்லை. கபூர் காக்கா கொழுப்பை எடுத்துத்தான் தருவார் என்று புதிதாகச் சிலர் வந்தார்கள்.

பெருநாள் பகல்

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. ஆடுமாடு அறுக்கும் குர்பான் நேரம் ஊருக்கே அவர் வேண்டும். காலையிலிருந்து உடுப்பெல்லாம் நனைய நின்று வெட்டிப் பங்கு வைத்தார். பகல் குளித்து, புதுச் சாரன் உடுத்து, மாமி வீட்டுக்குப் புறப்பட்டோம். வழமையாகப் பெருநாள் பகல் சோறு அங்கேதான். நான் ஒரு பெட்டியில் சிவப்பரிசிச் சோறும், அவர் முதல்நாள் ஆக்கிய பிலாக்காய்க் கறியும், கீரைச் சுண்டலும் எடுத்துக்கொண்டேன். அங்கே போய் எப்படித் திறப்பது என்றுதான் தெரியவில்லை.

பாய் விரித்திருந்தார்கள். மாமி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தானே கிண்ணத்தைக் கொண்டுவந்து மகனுக்கு முன்னால் வைத்தார். உள்ளி மிதக்கும் இறைச்சி. ஆவி பறந்தது.

"தின்னு மகன். உனக்கெண்டு வேறயா ஆக்கின."

கபூர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டைத் தின்றுவிட்டுப் பேசாமல் வந்துவிடுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"உம்மா, இத நான் தின்னக்கூடா."

"வாய்வுக்குத்தானே உள்ளி போட்டிரிக்கன்."

"வாய்வில்ல உம்மா. எனக்கு வந்தது நெஞ்சு வருத்தம். நான்தான் உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டு எல்லாருக்கும் சொன்ன."

வீட்டில் எல்லோரும் தின்பதை நிறுத்திவிட்டார்கள். மாமி மெதுவாகப் பாயில் இருந்தார். மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்ப?"

"மாரி தொடங்கக்குள்ள மாமி," என்றேன்.

"அப்ப நான் அனுப்பின இறைச்சி?"

இந்தக் கேள்விக்குத்தான் ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். தன் கையால் ஆக்கிய சாப்பாட்டை மருமகள் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாள் என்று தெரிந்தால் எந்த மாமி பொறுப்பார்? ஆனால் கபூர் சொல்லிவிட்டார். இனி நான் மட்டும் ஒளிப்பது எப்படி?

"அவர் தின்னல்ல மாமி. நான் பக்கத்து வீட்டுக்குக் குடுத்த. திண்டாரெண்டு உங்களுக்குப் பொய் சொல்லி அனுப்பின."

"ஒரு நாளும் தின்னல்லயா?"

"ஒரு நாளும் தின்னல்ல மாமி."

மாமி இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவருடைய தோள்கள் குலுங்கின. "என்ட கையாலயே என்ட பிள்ளைக்கு நஞ்சக் குடுத்தெண்டு நினைச்சிட்டன் மகள். அல்லாஹ் காப்பாத்தினான்."

ஆறு மாதம் ஒளித்துவைத்தது, இந்த ஒரு சொல்லில் கரைந்துபோனது.

கபூர் தன் பக்கத்துக் கணக்கையும் முடித்துவிட நினைத்தார் போல. "உங்கட கையால வந்ததத்தான் தின்னல்ல உம்மா. சந்தி ஹோட்டலில கொஞ்ச நாள் திண்ட. அதையும் விட்டிட்டன்."

மாமி கையை எடுத்து, ஈரக் கண்ணோடு அவரை முறைத்தார். யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. இறுகியிருந்த வீடு தளர்ந்தது.

மாமி கிண்ணத்தை எடுத்து மற்றப் பக்கம் தள்ளினார். "அப்ப நீ என்னத்தத் தின்னுறாய்?"

நான் பெட்டியைத் திறந்தேன். அவர் பிலாக்காயில் ஒரு துண்டு எடுத்து, பல் குறைந்த வாயில் வைத்து, நெடுநேரம் மென்றார்.

"ஆரு ஆக்கின?"

"நான்தான்," என்றார் கபூர்.

"உப்பில்ல."

"கூடாதாம் உம்மா."

"சரி," என்றார் மாமி. "எனக்கும் போடு."

அன்று தாயும் மகனும் ஒரு தட்டில் தின்றார்கள். மற்றவர்கள் பெருநாள் இறைச்சியைத் தின்றார்கள். யாருக்கும் யாரும் தடையாக இருக்கவில்லை. புறப்படும்போது மாமி என் கையைப் பிடித்தார். "இனி எனக்கு ஒண்டையும் ஒளிக்காதிங்க. வயசு போனா நெஞ்சு சின்னதாகாது புள்ள" என்றார்.

அடுத்த நாள் காலை மாமியிடமிருந்து ஒரு பொதி வந்தது. திறந்து பார்த்தேன். முருங்கை இலை. அவர்கள் வளவில் நிற்கும் மரத்தில் பறித்தது. மாமிக்குக் கண் பார்வை மங்கி நாளாகிறது. ஓதி எண்ணும் தஸ்பீஹு மணியைக்கூடத் தடவித்தான் தேடி எடுக்கிறார். அப்படிப்பட்டவர் விடிந்ததிலிருந்து இருந்து, விரலால் தடவித் தடவி ஒவ்வொரு இலையாக ஆய்ந்து அனுப்பியிருந்தார்.

சட்டியில் போடுமுன் வழக்கம்போலக் காம்பு பொறுக்க இருந்தேன். கையை விட்டு அளைந்து பார்த்தேன். பொறுக்குவதற்கு அதில் ஒரு காம்புகூட இருக்கவில்லை.